பேய் ஒளிந்திருந்த வரைக்கும் பயம்: ஹில் ஹவுஸ் தொடர் பார்த்த அனுபவம்

பேயைப் பார்த்த அனுபவம் உண்டா என்று இங்கே கேட்டதற்கு எல்லாரும் நிஜப் பேயைப் பார்த்த கதை சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு டிவியில் பார்த்ததோடு சரி. 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்', மைக் ஃபிளனகன் எடுத்தது, 2018-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த பத்து பாகத் தொடர். பேய் வீட்டில் கொஞ்ச காலம் இருந்த ஒரு குடும்பம், பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அதிலிருந்து மீள முடியாத கதை. (முடிவைப் பற்றியும் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.)

நாங்கள் பார்த்தது சீனர்களின் ஏழாம் மாதத்தில், ஆவிகள் வெளியே உலவும் என்று அவர்கள் நம்பும் மாதம். கீழே எங்கள் அடுக்குமாடி புளோக் ஓரமாகத் தகர டின்னில் இறந்தவர்களுக்காகக் காகிதம் எரிக்கிறார்கள், புகை ஜன்னல் வழியாக ஹாலுக்கே வருகிறது, அதில் உட்கார்ந்துகொண்டு இதைப் போட வேண்டுமா என்று அண்ணி திட்டினார், ஆனால் எழுந்து போகவில்லை. திரையில் குடும்பம் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறது, திடீரென்று அவர்தான் "நிறுத்து நிறுத்து, பின்னால அந்த இருட்டுல யாரு நிக்கிறது?" என்றார். பின்னால் ஓட்டினால், ஆமாம், கதவோரம் ஒரு முகம். இசையும் அதிரவில்லை, கேமராவும் அங்கே போகவில்லை. இப்படித் தொடர் முழுக்க ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் வசனத்தை யார் கேட்டார்கள், மூலை மூலையாகத் தேடினோம். அன்றைக்குக் குப்பை போட காரிடார் வரைக்கும் போக ஆளில்லை, பை விடியும்வரை வாசலிலேயே கிடந்தது.

ஆறாவது பாகம் தனி ரகம். மொத்தமும் ஐந்தே நீள ஷாட். கதையில் வரும் அப்பா, இறுதிச்சடங்கு நடக்கும் இடத்தின் நடைவழியில் நடக்கிறார், வெட்டே இல்லாமல் பழைய வீட்டுக்குள் போய்விடுகிறார். இரண்டு செட்டையும் ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். எட்டாவதில் கார் காட்சிக்கு நான் போட்ட சத்தத்தில் அண்ணன் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

குறை என்றால் பேச்சு. பின்பாதியில் ஆளாளுக்குச் சொற்பொழிவு. கதை வேறு அன்றைக்கும் இன்றைக்கும் மாறி மாறித் தாவுவதால், எங்கள் அம்மா மூன்றாவது பாகத்திலேயே "எந்தப் பிள்ளை எதுன்னே தெரியல" என்று தூங்கப் போய்விட்டார்.

பெரிய ஏமாற்றம் கடைசிப் பாகம்தான். ஒன்பது பாகமாக ஆளை விழுங்கிய வீடு, கடைசியில் பெண்ணை வழியனுப்பும் கல்யாண வீடு மாதிரி கண் கலங்குகிறது. ஷெர்லி ஜாக்சனின் மூல நாவல் (1959) பேய் உண்மையா, மனப்பிரமையா என்று சொல்லாமலே முடியும், இங்கே எல்லாவற்றுக்கும் விளக்கம் வைக்கிறார்கள். குடும்பம் சந்தோஷமாக இருக்கும் அந்தக் கடைசிக் காட்சியில் பின்னணியாகச் சிவப்பு அறையின் (ஒவ்வொருவருக்கும் பிடித்த இடம் மாதிரி வேஷம் போட்டு ஏமாற்றும், அந்த வீட்டின் பூட்டிய அறை) ஜன்னலை வைக்கலாமா என்று இயக்குநர் யோசித்துவிட்டு, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். வைத்திருந்தால் அந்தச் சொற்பொழிவுகளையெல்லாம் மன்னித்திருப்பேன்.

இருந்தாலும் பாருங்கள். ஐந்தாவது பாகத்தை மட்டும் மறுநாள் வேலை இருக்கும் ராத்திரியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.