ஃபடீக் சோதனையில் ரெசனன்ஸ் குறைகிறது: பிளேடில் விரிசலா, வெறும் சூடா?

கேள்வி:
வணக்கம். காற்றாலை பிளேடு ஒன்று ஃபிளாப் திசையில் (தட்டையான பக்கம் மேலும் கீழும் வளையும்படி) ஃபடீக் சோதனையில், அதாவது லட்சக்கணக்கான முறை ஆட்டித் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனையில், ஓடுகிறது. பிளேடைச் சுற்றிப் பிடிக்கும் சட்டமான சேடில் மூன்று, நடுச் சேடிலின் மேல் பிளேடை ஆட்டும் எக்ஸைட்டர். தொடக்கத்தில் ரெசனன்ஸ் (பிளேடு இயல்பாக ஆடும் அதிர்வெண்) 0.600 ஹெர்ட்ஸ், 2 லட்சம் சைக்கிளில் 0.594. டிரெய்லிங் எட்ஜில் (பிளேடின் மெல்லிய பின் விளிம்பு), பிளேடு மிக அகலமாக இருக்கும் இடத்துக்கு அருகே ஒரு ஸ்ட்ரெய்ன் கேஜின் (பரப்பு எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று காட்டும் உணரி) அளவும் மாறி வருகிறது. நிறுத்திவிட்டு உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டுமா?

பதில் 1:
நிறுத்துங்கள். ஆனால் முதல் வேலையே விரிசல் தேடுவதாக இருக்க வேண்டாம். அதிர்வெண் 1% இறங்கினால் விறைப்பு 2% போனதாகக் கணக்கு. முழு பிளேடின் விறைப்பு அவ்வளவு குறைய, ஒரு சின்ன விரிசல் போதாது. மொத்தத்தையும் பாதிக்கும் காரணங்களை முதலில் பாருங்கள்.

முதலாவது சூடு. ஓட ஓட லேமினேட் (ரெசினில் ஊறிய இழை அடுக்கு) தானே சூடேறும், ரெசின் சற்று இளகும். ஓரிரவு ஆறவிட்டு, காலையில் அதே வீச்சில் (பிளேடு ஆடும் அளவில்) ஓட்டுங்கள். வீச்சு மாறினால் காற்றின் தடையும் மாறும், ஒப்பிடவே முடியாது. 0.600 திரும்பினால் குற்றவாளி சூடுதான். திரும்பாவிட்டால் பிளேடின் அடியைப் பிடிக்கும் ரூட் போல்ட்களின் இறுக்கம், பிறகு சேடில். உள்ளே இருக்கும் ரப்பர் அமுங்கி, நட்டு தளர்ந்து, சேடில் நுனிப் பக்கம் நகர்ந்தாலே அதிர்வெண் இறங்கிவிடும். சேடில் ஓரத்தில் பிளேடின் மேல் மார்க்கர் கோடு போட்டிருந்தால் ஒரே பார்வையில் தெரியும்.

பதில் 2:
கேஜ் பற்றி. சுமையில்லாத நிலையில் பூச்சியம் மட்டும் நகர்ந்து, கேஜ் காட்டும் வீச்சு அப்படியே இருந்தால் கேஜோ ஒயரோ பழுது. ஃபாயில் கேஜும் ஃபடீக்கில் சாகும். வீச்சே மாறி, பக்கத்து கேஜ்களும் எதிர்ப்பக்கமாக நகர்ந்தால் சுமை வேறு வழியில் பாய்கிறது என்று பொருள். அப்போது உள்ளே இறங்குங்கள்: டிரெய்லிங் எட்ஜ் ஒட்டும், ஷியர் வெப் (பிளேடின் இரு பக்கத் தோலையும் உள்ளே இணைக்கும் சுவர்) ஒட்டும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், ஒட்டு விட்ட இடத்தில் கணீர் சத்தம் மங்கிப் பொத்தென்று கேட்கும். பசையில் குறுக்காக ஓடும் மயிர்க்கோடுகள் சகஜம். அவை லேமினேட்டுக்குள் நுழைகின்றனவா என்பதே கேள்வி. நுனிகளில் கோடு போட்டு, சைக்கிள் எண்ணை எழுதிவையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. அதுவரை வீச்சை 5% குறைத்து ஓட்டலாமா?

பதில் 1:
கணக்குப் போடாமல் கூடாது. கண்ணாடி இழை லேமினேட்டுக்கு வழக்கமாக எடுக்கும் எம் (சுமை மாறும்போது சேதம் எத்தனையாம் அடுக்கில் மாறும் என்ற எண்) = 10 வைத்தால், 0.95-இன் பத்தாம் அடுக்கு 0.60. ஒரு சைக்கிளின் சேதம் 40% குறைந்துவிடும். 0.6 ஹெர்ட்ஸில் 10 லட்சம் சைக்கிளுக்கு நிற்காமல் ஓட்டினாலே 19 நாள். அதே சேதத்துக்கு அது 32 நாளாகிவிடும். இன்னொன்று: எக்ஸைட்டர் 0.600-இலேயே நின்றிருந்தால், ரெசனன்ஸ் நகர்ந்த நாளிலிருந்தே வீச்சு தானாகக் குறைந்திருக்கும். பதிவான ரூட் மொமென்ட்டை (பிளேடின் அடியை வளைக்கும் திருப்புத்திறன்) சைக்கிள் வாரியாக எடுத்துச் சேதத்தை மறுபடி கூட்டுங்கள். 2 லட்சம் என்று எண்ணி வைத்திருப்பது சேதக் கணக்கில் உண்மையில் அதைவிடக் குறைவாக இருக்கலாம்.