முகக்கவசக் கீலில் எண்ணெய் விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என் அனுபவம் இது

பீன்யா ஃபிட்டர்:
பெங்களூரில் பீன்யா இரண்டாம் ஸ்டேஜில், இரும்பு வெட்டி ஒட்டும் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் 11 வருடமாக வேலை செய்கிறேன். ஆங்கிள் கிரைண்டர் பிடிக்கிறவர்கள் ஏழு பேர், பாதிப்பேர் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்.

கிரைண்டர் பிடிக்கும்போது தெறிக்கிற துண்டு படாமல் முகத்துக்கு முன்னால் கண்ணாடி நிற்கிற கவசம் போடுவோம். போன மழைக்காலத்தில் ஒரு கவசத்தைத் தூக்கி இறக்கும் கீல் இறுகிவிட்டது. பக்கத்து பெஞ்சுக்காரர் "ஸ்வல்ப எண்ணெ ஹாக்கு" (கொஞ்சம் எண்ணெய் விடு) என்று கன்னடத்தில் சொன்னார். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை எடுத்து நானே அடித்தேன். அன்று சாயங்காலம் வரை லேசாக ஏறி இறங்கியது. அப்புறம் அந்தப் பசையில் இரும்புத் தூள் ஒட்டிக் கறுப்புச் சேறாகி, முன்னைவிட மோசமாக இறுகியது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கண்ணாடி என்று நாங்கள் சொல்வது பாலிகார்பனேட் ஷீட். திருகு போகும் ஓட்டையைச் சுற்றி அதில் மயிரிழை போலக் கோடுகள் வந்திருந்தன. தேய்ந்த கீறல் என்று நினைத்து விட்டுவிட்டோம். பத்து நாள் கழித்து கட்டிங் வீல் உடைந்து ஒரு துண்டு தெறித்தது. ஷீட் ஓட்டையோரமாகப் பிளந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. போட்டிருந்த தம்பிக்கு 22 வயது. கன்னத்தில் மூன்று தையல். காயத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு விரல் இடம்தான். ஸ்ப்ரே அடித்த கை என்னுடையது. அவனுடைய அம்மா ஊரிலிருந்து வந்தபோது அவர் முன்னால் நிற்கவே முடியவில்லை.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பாலிகார்பனேட் சுத்தியல் அடியைக்கூடத் தாங்கும். ஆனால் திருகு இறுக்கி இழுபட்டு நிற்கிற இடத்தில் சில எண்ணெய்களும் கரைப்பான்களும் பட்டால் மயிரிழை வெடிப்பு விடும். அதனால்தான் நல்ல கவசங்களில் கீலுக்கு எண்ணெயே தேவைப்படாத பிளாஸ்டிக் புஷ் (கீல் ஆணி உள்ளே சுழலும் சின்ன வளையம்) வைக்கிறார்கள்.

இப்போது நாங்கள் வாங்கியிருப்பதில் அப்படி ஒரு வெள்ளை புஷ் இருக்கிறது. முதல் மூன்று நாள் கொஞ்சம் வறட்டென்று இருந்தது, ஓரத்தில் வெள்ளைத் தூளும் தெரிந்தது. பசங்க மறுபடி எண்ணெய் கேனைத் தேடினார்கள், நான் விடவில்லை. நாலாம் நாளிலிருந்து தானாக வழுக்க ஆரம்பித்தது. ஏன் அப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மோல்டிங் அக்கா, பொம்மசந்திரா:
தம்பி, அந்த மாதிரி புஷ் வார்க்கிற மெஷினில்தான் நான் இருக்கிறேன். அசிட்டால் என்கிற பிளாஸ்டிக்கில் டெஃப்லான் தூள் கலந்திருக்கும், நூற்றுக்கு 20 பங்கு வரைக்கும்கூட. அசிட்டால் 175 டிகிரிப் பக்கம் உருகிவிடும், நாங்கள் 200 சுமாரில் வார்ப்போம். டெஃப்லான் உருக 327 டிகிரி வேண்டும். அதனால் வெண்பொங்கலில் மிளகு நிற்கிற மாதிரி தூள் அப்படியே உள்ளே நின்றுவிடும். கீல் அசைய அசைய மேல்பரப்பு தேயும், தூள் வெளிவந்து உள்ளே போகிற ஸ்டீல் ஆணிமேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் டெஃப்லான்மேல் டெஃப்லான்தான் உரசுகிறது. உங்களுடைய மூன்று நாள் வறட்சி அந்தப் படலம் உருவாகிற நேரம். அந்த ஆணியை அழுத்தித் தேய்த்துத் துடைத்தால் படலம் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். புஷ்ஷை ராவியோ உப்புத்தாள் போட்டோ தேய்த்துவிட்டு அதே கையால் பீடி, சிகரெட் பற்றவைக்காதீர்கள். டெஃப்லான் தூள் அந்த நெருப்பில் எரிந்தால் வருகிற புகைக்குக் குளிர்காய்ச்சல் வரும். சில மணி நேரம் கழித்து வரும் என்பதால் காரணமே பிடிபடாது, ஃப்ளூ என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். எங்கள் ஷிப்ட்டில் சோப்பு போட்டுக் கை கழுவாமல் யாரும் டீக்குப் போக முடியாது. அதில் நான் கறார்தான்.

பிளேட்டிங் (முலாம் பூசும்) ஷாப்பிலிருந்து:
எங்களிடம் இதே வெள்ளை புஷ் ஆறு மாதம்கூட நிற்கவில்லை. ஆசிட் தொட்டி ஆவியில் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. அசிட்டாலுக்குக் கடும் ஆசிட் ஆகாது என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது அடர்த்தியான பாலிஎத்திலீன் வாஷர் வைத்த கவசம் வாங்குகிறோம். அதுவும் எண்ணெய் கேட்காமல் வழுக்கும், ஆசிட்டையும் தாங்குகிறது. வேலை எதுவோ அதைச் சொல்லி வாங்குங்கள் அண்ணா, விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

டூல்ரூம் தம்பி:
இதையெல்லாம் படித்துவிட்டு இன்று மதியம் எங்கள் கவசங்கள் நான்கையும் கழற்றி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். இரண்டில் திருகு ஓட்டையைச் சுற்றி பீன்யா அண்ணன் சொன்ன அதே கோடுகள். ஒன்றில் விரல் வைத்தாலே எண்ணெய் ஒட்டியது. இரண்டையும் ஷீட்டோடு குறுக்கே வெட்டிவிட்டேன், எடுத்து யாரும் மறுபடி மாட்டிவிடக் கூடாது. புதிதுக்கு ஸ்டோர்ஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. வரும்வரை அந்த இரண்டு கிரைண்டரும் ஓடாது என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறேன்.