அம்மாவின் இரு கைகளிலும் இரத்த அழுத்தம் வேறுபடுகிறது: யாரைப் பார்ப்பது?

68 வயதான என் அம்மாவுக்குக் கடந்த மாதம் முதல் இரத்த அழுத்தம் வலக்கையில் 152/86 என்றும் இடக்கையில் 128/80 என்றும் காட்டுகிறது. ஐந்து நிமிடம் ஓய்வாக உட்காரவைத்து, கையை இதய மட்டத்தில் மேசைமீது தாங்கவைத்து, முதலில் அளக்கும் கையை மாற்றியும், மேற்கையில் சுற்றும் வேறொரு டிஜிட்டல் கருவியைக் கொண்டும் அளந்து பார்த்துவிட்டோம். இடக்கையில்தான் எப்போதும் குறைவு. 10 வரையிலான வேறுபாடு பலருக்கும் இயல்பானது என்றாலும், அதைத் தாண்டி நீடித்தால் கைக்குச் செல்லும் தமனி கொழுப்புப் படிவால் சுருங்கியிருக்கலாம் என்பதால்தான் கவலையாக இருக்கிறது. சர்க்கரை நோய் உண்டு. துணி பிழியும்போது இடக்கை சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது, அந்த மணிக்கட்டில் நாடியும் மெலிதாகவே தட்டுப்படுகிறது. தலைசுற்றலோ நெஞ்சுவலியோ இல்லை. குடும்ப மருத்துவர், அதிகம் காட்டும் கையின் அளவையே கணக்கில் கொள்ளச் சொன்னாரே தவிர, காரணத்தை ஆராயவில்லை. தமனிச் சுருக்கம் உள்ளதா என்று அறிய, நாங்கள் முதலில் இதயநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா, இரத்தநாள நிபுணரைப் பார்க்க வேண்டுமா?