ஆஸ்பத்திரி சப்ளையர் பாரத்தில் சிறுபான்மைச் சான்றிதழ் கேட்கிறது, வெள்ளிக்கிழமை கடைசி நாள்

புதிதாக வந்தவள்:
எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து ஏழு மாதம் ஆகிறது. என் பெயரில் ஒரு எல்எல்சி கம்பெனி பதிந்திருக்கிறேன். ஒரு ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவுக்கு என் சாம்பிள் பிடித்துப்போய், சப்ளையராகப் பதியச் சொன்னார்கள். ஆன்லைன் பாரத்தில் "சப்ளையர் டைவர்சிட்டி" என்று ஒரு பகுதி வருகிறது. சிறுபான்மையினர் நிறுவனமா, பெண்கள் நிறுவனமா என்று டிக் செய்து சான்றிதழை ஏற்ற வேண்டுமாம். என்னிடம் ஒன்றும் இல்லை. மாமா இங்கே சிட்டிசன். "கம்பெனியில் 51 சதவீதம் என் பேரில் எழுதிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

டெட்ராய்ட் அண்ணன்:
தங்கச்சி, சான்றிதழை விடுங்கள். முதலில் எஃப்டிஏ (மருந்து, மருத்துவப் பொருள்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) விஷயத்தைப் பாருங்கள். நான் வந்த புதிதில் பரிசோதனைக் கையுறை இறக்குமதி செய்தேன். அதற்கு விற்பனைக்கு முன் எஃப்டிஏ தரும் 510(கே) அனுமதி வேண்டும் என்பதே தெரியாது. சரக்கு துறைமுகத்தில் நின்றது, வாடகை நாளுக்கு நாள் ஏறியது. பனிக்காலம் முழுக்க ஹீட்டரைக் குறைத்து வைத்துக்கொண்டு கடன் கட்டினோம். நேரடியாக இறக்குமதி செய்பவர் எஃப்டிஏவில் பதிய வேண்டும். ஆண்டுக் கட்டணம் 2025 நிதியாண்டில் 9,280 டாலர். சின்ன வியாபாரம் என்பதற்காக மட்டும் குறைக்க மாட்டார்கள்.

ஹூஸ்டன்வாசி:
சான்றிதழ்தான் முக்கியம். 1972-ல் தொடங்கிய என்எம்எஸ்டிசி என்ற அமைப்பு கொடுக்கும் எம்பிஇ (சிறுபான்மையினர் நிறுவனம்) சான்றிதழை எடுங்கள். இந்திய வம்சாவளியும் அதில் வரும். அது கைக்கு வரும் வரை என் மின்னஞ்சலுக்கு ஒருவரும் பதில் போட்டதில்லை. வந்த பிறகு கூப்பிட்டுப் பேசினார்கள்.

நியூஜெர்சி தோழர்:
கூப்பிட்டுப் பேசியிருப்பார்கள், ஆர்டர் கொடுத்தார்களா? பெரிய ஆஸ்பத்திரிகள் வழக்கமாக வாங்கும் பொருளைத் தனித்தனியாகப் பேரம் பேசி வாங்குவதில்லை. விசியன்ட், பிரிமியர், ஹெல்த்டிரஸ்ட் மாதிரியான ஜிபிஓக்கள் (பல ஆஸ்பத்திரிகளுக்காகச் சேர்த்துப் பேரம் பேசும் நிறுவனங்கள்) போட்ட ஒப்பந்த விலையில்தான் வாங்குவார்கள். சான்றிதழ் உங்களை அந்தப் பட்டியலுக்குள் கொண்டுபோய் உட்கார வைக்காது. அப்புறம் 2025 ஜனவரியில் டைவர்சிட்டி திட்டங்களுக்கு எதிரான 14173-ஆம் எண் நிர்வாக ஆணை வந்த பிறகு பலர் இந்தத் திட்டங்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். மத்திய அரசின் பணம் வாங்கும் இடங்களில் எல்லோருக்கும் தயக்கம்.

ஹூஸ்டன்வாசி:
எனக்கு ஆர்டர் வந்தது. எல்லோருக்கும் உங்கள் அனுபவமே வாய்க்காது.

சிகாகோ தம்பி:
எங்கே போனாலும் இதே கதைதான். கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று வீடு தர மாட்டார்கள். இங்கே செய்த வேலை இல்லை என்று ஆர்டர் தர மாட்டார்கள். வேலையே தராமல் முன்அனுபவம் கேட்டால் எங்கே போவது? கொள்முதல் பிரிவுக்குப் போன் செய்தால் ரெக்கார்டிங்தான் பேசுகிறது. அந்த முதல் வருஷத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கொள்முதல் அக்கா:
பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரிக் கொள்முதலில் வேலை பார்க்கிறேன். அந்தப் பொண்ணு என்ன விற்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கையுறை என்று அவள் எங்கே சொன்னாள்? கண்ணா, மூன்று விஷயம் சொல்லு. என்ன பொருள், என்ன விசா, கிரீன் கார்டு உண்டா?

புதிதாக வந்தவள்:
மன்னிக்கணும் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். நர்ஸ்களுக்கான சீருடை, பெயர் எம்பிராய்டரி போட்டது. துணி இங்கேயே வாங்கித் தைக்கிறேன். ஹெச்-4 விசா (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கானது), ஈஏடி (வேலை செய்யும் அனுமதி அட்டை) கையில் இருக்கிறது. கிரீன் கார்டு இல்லை.

கொள்முதல் அக்கா:
சரி, இப்போது பேசலாம். ஈஏடி இருப்பதால் நீ சொந்தத் தொழில் செய்யலாம். அதன் தேதியை மட்டும் கவனி. 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பிப்பவர்களுக்குத் தானாகக் கிடைத்த நீட்டிப்பு இல்லை. ஆறு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடு. வார்டில் போடும் சாதாரணச் சீருடைதானே, எஃப்டிஏ கவலை உனக்கு இல்லை. டெட்ராய்ட் அண்ணன் சொன்னது கையுறைக்குச் சரி.

சான்றிதழ் இப்போது உனக்குக் கிடைக்காது. என்எம்எஸ்டிசிக்கு உரிமையாளர் சிட்டிசனாக இருக்க வேண்டும். பெண்கள் நிறுவனங்களுக்குச் சான்றிதழ் தரும் டபிள்யூபென்க் அமைப்பு சிட்டிசனோ கிரீன் கார்டோ கேட்கும். மாமா சொல்வதைச் செய்யவே செய்யாதே. அது பினாமி. சான்றிதழுக்குக் கேட்கும் 51 சதவீத உரிமை என்பது காகிதக் கணக்கு இல்லை. சான்றிதழ் தருபவர்கள் நேரில் வருவார்கள். செக்கில் கையெழுத்து யார், விலையை யார் முடிவு செய்கிறார், மெஷின் யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அந்த அறையில் மாமா உட்கார்ந்து தையல் விலை சொல்ல முடியுமா? பொய் என்று தெரிந்தால் ஆர்டரோடு போகாது, நாளைக்கு உன் கிரீன் கார்டு வரைக்கும் வரும்.

அந்தப் பகுதியில் "பொருந்தாது" என்று போட்டு மேலே போ. பெரும்பாலான பாரங்களில் அது கட்டாயம் இல்லை. சிறு நிறுவனம், உள்ளூர் நிறுவனம் என்று தனிக் கட்டம் இருந்தால், அது உண்மை என்பதால் டிக் செய். டபிள்யூ-9 வரிப் பாரமும் இன்சூரன்ஸ் சான்றும் இல்லாவிட்டால்தான் உன் பதிவு நிற்கும். இன்சூரன்ஸில் ஆஸ்பத்திரியின் பெயரையும் சேர்க்கச் சொல்வார்கள், ஏஜென்டிடம் இன்றே கேள். ஈஐஎன் (நிறுவனத்தின் வரி எண்) இன்னும் வாங்கவில்லை என்றால் ஐஆர்எஸ் (வரித்துறை) தளத்தில் இலவசம், யாருக்கும் பணம் கட்டாதே.

கொள்முதல் ஆளிடம் ஒரே கேள்வி கேள்: "இந்தச் சீருடை ஜிபிஓ ஒப்பந்தத்தில் இருக்கிறதா?" இல்லை என்றால் நேரடியாக பிஓ (கொள்முதல் ஆர்டர்) வரும். இருக்கிறது என்றால், அந்த ஒப்பந்தக்காரருக்குக் கீழே எம்பிராய்டரி வேலையை மட்டும் எடுக்கலாமா என்று கேள். நம்மவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் உள்ளே வந்தார்கள்.

புதிதாக வந்தவள்:
அக்கா, போன் செய்தேன். சீருடை ஒப்பந்தத்தில் இல்லையாம், துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால் போதுமாம். மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்சூரன்ஸ் தாள் நாளை மதியம் வரும், வந்ததும் பாரத்தை அனுப்புகிறேன்.