சின்ன ஃபுட்பால் லீக் மேட்ச்ல ரெஃப்ரியை நியாயமா எப்படிப் பார்க்கிறது?

கோட்டோரம் எழுதியது:

ரெண்டு சீசனா ஞாயிற்றுக்கிழமை காலை மேட்ச் ஒண்ணு விடாம பார்க்கிறேன். கடைசி டிவிஷன். கேலரி எல்லாம் கிடையாது, கோட்டுக்கு ரெண்டடி தள்ளி நின்னு பார்க்கிறதுதான். தம்பி ஒரு டீம்ல ரைட் பேக், அதாவது வலது பக்க டிஃபண்டரா ஆடுறான்.

போன வாரம் 1-1. கிட்டத்தட்ட 80 நிமிஷம். எதிர் டீம் ஃபார்வர்டு தம்பியைத் தாண்டி, நான் நின்ன பக்கமாவே ஓடினான். பாஸ் வந்தப்போ அவன் ஆஃப்சைடுல, அதாவது பந்தையும் எங்க கடைசி டிஃபண்டரையும் தாண்டி கோல் பக்கமா இருந்தான்னு எனக்குத் தெளிவாத் தெரிஞ்சது. ரெஃப்ரி குறைஞ்சது 25 மீட்டர் பின்னாடி. கொடி பிடிச்சு நின்னது ஒரு கிளப் ஆள், பந்து வெளியே போச்சான்னு மட்டும் காட்டுறவர். விசில் வரல. கோல்.

நான் கத்தினேன். நல்லாவே கத்தினேன். மேட்ச் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம் அந்த ரெஃப்ரி கோல் போஸ்ட் பின்னாடி தனியா உட்கார்ந்து லேஸ் அவிழ்த்துக்கிட்டு இருந்தார். வயசு 20 தாண்டியிருக்காது. முடிச்சு அவிழல, விரல் நடுங்குது. ரெண்டு தடவை முயற்சி பண்ணிட்டு, ஷூவோடவே எழுந்து போயிட்டார். அதுல இருந்து மனசு சரியில்ல. இவ்வளவு நாளா பார்த்தும், ரெஃப்ரி நல்லாப் பண்றாரா இல்லையான்னு எடை போட எனக்குத் தெரியலைன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. எதைப் பார்க்கணும்?

பழைய விசில் எழுதியது:

தம்பி, 11 வருஷம் இந்த மாதிரி மேட்ச்தான் ஊதினேன், பெரும்பாலும் தனியாளா. முதல்ல உங்க ஆஃப்சைடு கதைக்கு வர்றேன்.

நீங்க எங்கே நின்னீங்க? நடுக்கோட்டுக்குப் பக்கத்துலன்னா, ஃபார்வர்டு உங்க பக்கமும் கடைசி டிஃபண்டர் அந்தப் பக்கமும் இருந்திருந்தா, ரெண்டு பேரும் சமமா இருந்தாக்கூட ஃபார்வர்டுதான் முன்னாடி இருக்கிற மாதிரி தெரியும். சாய்வாப் பார்க்கிற கண் செய்யற வேலை அது. கடைசியில இருந்து ரெண்டாவது ஆளுக்கு (கடைசி ஆள் பெரும்பாலும் கோலிதான்) நேர் கோட்டுல நின்னாத்தான் சரியாத் தெரியும். பெரிய மேட்ச்ல கோட்டோரம் கொடி பிடிக்கிற லைன்ஸ்மேன் பக்கவாட்டா நகர்ந்துக்கிட்டே இருக்கிறது அதுக்குத்தான்.

இன்னொண்ணு, பந்து காலை விட்டுக் கிளம்புற நொடிதான் கணக்கு. ஃபார்வர்டு நொடிக்கு 7 மீட்டர் வேகத்துல ஓடுறான், டிஃபண்டர் எதிர்த் திசையில 3 மீட்டர் வேகத்துல ஏறுறான்னு வைங்க. நீங்க பாஸைப் பார்த்துட்டு அரை நொடி கழிச்சுத் தலையைத் திருப்பினா, இடைவெளி 5 மீட்டர் மாறியிருக்கும். அன்னைக்கு கோல் சரியா தப்பான்னு நான் சொல்ல முடியாது. நீங்களும் சொல்ல முடியாதுங்கிறது மட்டும் நிச்சயம்.

இப்போ ரெஃப்ரி விஷயம். ஒரு ஹாஃப்ல பத்து நிமிஷம் பந்தை விட்டுடுங்க, அவர் காலை மட்டும் பாருங்க. கோலி கோல் கிக்குக்குப் பந்தை வைக்கிறப்போ, அது விழப்போற இடத்தை நோக்கி முன்கூட்டியே நகர்றாரா, இல்ல பந்து தலைக்கு மேல போனப்புறம் துரத்துறாரா? ஃபவுல் ஊதின கையோட ஆட்டக்காரங்க பக்கம் முகம் திரும்புதா? சண்டை எப்பவும் விசிலுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும்.

கிரவுண்டுல மூலைக்கு மூலை ஓடுற முறை இருக்கே, இங்கிலாந்து ரெஃப்ரி ஸ்டான்லி ரவுஸ் காலத்துல இருந்து வர்றது, அது ரெண்டு பக்கமும் லைன்ஸ்மேன் இருக்கிறதை நம்பி வந்தது. தனியா ஊதுறவர் அதே பாதையில ஓடினா பாதி ஆட்டம் தெரியாது. அவர் இன்னும் அகலமா ஓடணும், சில சமயம் பந்துக்கு முன்னாடியே போய் நிக்கணும்.

நான் கத்துக்கிட்டது ஒரே ஒரு பெனால்டியில. பாக்ஸுக்குள்ள டேக்கிள், நான் 8 மீட்டர்லதான் இருந்தேன், ஆனா நேர் பின்னாடி. ஃபார்வர்டோட முதுகு மட்டும்தான் தெரிஞ்சது. விழுந்தான், ஊதினேன். எந்திரிச்ச டிஃபண்டர் கத்தல. பந்துல பட்ட சேறு அவன் ஷூ நுனியில ஒட்டியிருந்ததைக் காட்டி, 'பாருங்க சார்'னு மெதுவாச் சொன்னான். சேறு எதையும் நிரூபிக்காதுதான். ஆனா அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுடுச்சு. நான் எதையும் பார்க்கல, ஊகிச்சு ஊதியிருக்கேன். அதுக்கப்புறம் பத்து மீட்டர் கிட்ட ஓடுறதைவிட ரெண்டு மீட்டர் பக்கவாட்டா நகர்றதுக்குத்தான் பாடுபட்டேன். ரெண்டு ஆட்டக்காரங்க காலுக்கு இடையில வெளிச்சம் தெரியணும், அவ்வளவுதான்.

நம்பர் 5 எழுதியது:

அண்ணே சொல்றதோட எனக்கு முழு உடன்பாடு இல்ல. நிக்கிற இடம் சரியா இருந்தும் ஆட்டத்தைக் கெடுக்கிற ரெஃப்ரி உண்டு. சென்டர் பேக்கா ஆடுறவனுக்கு வேண்டியது ஒண்ணுதான். முதல் பத்து நிமிஷத்துல முதுகுல கை வச்சா ஃபவுல்னா, 85-லயும் அது ஃபவுலா இருக்கணும். கறாரா இருந்தாலும் சரி, விட்டுக் கொடுத்தாலும் சரி, நாங்க அதுக்கு ஏத்த மாதிரி ஆடிக்குவோம். நடுவுல மாறினாத்தான் காலை உடைச்சுக்கிறோம்.

அட்வாண்டேஜையும் பாருங்க, அதாவது ஃபவுல் வாங்கின டீமுக்குப் பலன் இருந்தா ஊதாம ஆட்டத்தை ஓட விடுறதை. கை ரெண்டையும் முன்னாடி நீட்டிட்டு, சில நொடி பொறுத்து, பலன் வரலைன்னா பழைய ஃபவுலுக்கே திரும்பி வந்து ஊதுறாரான்னு. அந்தப் பொறுமை இருக்கிறவர் மேட்ச்ல நான் தைரியமா ஆடுவேன்.

கார்டு புத்தகம் எழுதியது:

நான் ஊத ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது. அந்தப் பையனோட இடத்துல இருந்து சொல்றேன்.

கோல்னு கை காட்டினப்புறம் ஆட்டம் திரும்பத் தொடங்குறதுக்குள்ள மட்டும்தான் ரெஃப்ரி தன் முடிவை மாத்த முடியும். நடுவுல பந்தை வச்சு உதைச்சுட்டா விதிப்படி முடிஞ்சது. அந்த அரை நிமிஷத்துல என் மண்டைக்குள்ள நான் பார்த்த படத்தைத் திரும்ப ஓட்டிக்கிட்டு இருப்பேன். பெரிய மேட்ச்ல காதுல ஒரு குரல் வரும், டிவி இருக்கும். எனக்கு அந்தப் படம் ஒண்ணுதான் இருக்கு. அப்போ கோட்டோரத்துல இருந்து வர்ற சத்தம் அதைக் கலைச்சுடும். சொன்னது சரியா தப்பாங்கிறது அடுத்த விஷயம், யோசிக்கவே விடாது.

மார்ச் மாசம் ஒரு அப்பா முழு ஹாஃபும் என் கூடவே கோட்டோரமா நடந்து வந்தார். கெட்ட வார்த்தை ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு விசிலுக்கும் 'நிச்சயமா? நிச்சயமா?'ன்னு மட்டும் கேட்டார். ரெண்டாவது ஹாஃப்ல அவர் இருந்த பக்கம் நான் ஊதவே யோசிச்சேன். அங்கே ஒரு பையன் கணுக்கால்ல வாங்கினான், அதை விட்டுட்டேன். அந்த வீக்கம் இன்னும் என் கண்ணுல இருக்கு. என்கூடப் பயிற்சி முடிச்ச ஏழு பேர்ல இப்போ ரெண்டு பேர்தான் ஊதுறோம்.

கோட்டோரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு மேட்ச் பார்த்துட்டு வந்து எழுதுறேன். வேற ரெஃப்ரி, 50 வயசு இருக்கும். அண்ணே சொன்ன மாதிரி பத்து நிமிஷம் பந்தை விட்டேன். ரொம்பக் கஷ்டம், கழுத்து தானாத் திரும்புது. ஆனா கார்னருக்கு அவர் பாக்ஸ் விளிம்புல நின்னு, பந்து வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தன் சட்டையைப் பிடிச்சவன்கிட்ட போய் ரெண்டு வார்த்தை சொன்னதைப் பார்த்தேன். அவன் கையை எடுத்துட்டான். நான் பந்தைப் பார்த்திருந்தா இது நடந்ததே தெரிஞ்சிருக்காது.

ரெண்டாவது ஹாஃப்ல நடுக்கோட்டை விட்டு, தம்பி டீமோட கடைசி வரிசைக்கு நேரா நகர்ந்து நகர்ந்து நின்னேன். மூணு தடவை ஆஃப்சைடுன்னு வாய் வரைக்கும் வந்தது. மூணுல ரெண்டு, பாஸ் கிளம்புறப்போ சமம்தான். மூணாவதுல நான் பாஸ் கொடுத்தவனைப் பார்க்கவே இல்ல.

அந்தச் சின்னப் பையன் ரெண்டு வாரம் கழிச்சு எங்க கிரவுண்டுக்குத் திரும்ப வர்றார்னு செக்ரட்டரி சொன்னார். மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போய் மன்னிப்பு கேட்கணும். முடிஞ்சப்புறம்னா ரிசல்ட்டைப் பொறுத்து வந்த மன்னிப்புன்னு அவர் நினைச்சுடுவார்.