முதல் தட்டில் வாசிக்காமல் இருப்பது எப்படி? (ரெகே பேஸ் கிட்டார் பழகுவது பற்றி)

கேள்வி: மாயேபூர் மிருதங்கம்

அனைவருக்கும் வணக்கம். நான் மொரீசியஸின் தென்கிழக்குக் கரையில் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் ஊர்க் கோயிலின் பஜனைக் குழுவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மிருதங்கம் வாசித்து வருகிறேன். எங்கள் தெருவில் செகேயும் (மொரீசியஸின் செகா இசையும் ஜமைக்காவின் ரெகேயும் கலந்தது) ரெகேயும் வாசிக்கும் சிறு குழு ஒன்று உண்டு. அதன் பேஸ் கலைஞர் வேலை நிமித்தமாக ரெயூனியனுக்குப் போய்விட்டதால், தாளம் தெரிந்தவர் என்ற ஒரே தகுதியை வைத்து என்னை அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

நான்கு மாதங்களாகப் பழகுகிறேன். சுரங்களைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. ஆனால் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி ஒவ்வொரு ஒத்திகையிலும் நான் அதிகமாகப் பேசுகிறேன் என்று கிரியோலில் குறைப்பட்டுக்கொள்கிறார். ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் தொடக்கத்திலும் என் கை தானாகவே தந்தியில் விழுந்துவிடுகிறது. சமத்தில், அதாவது அந்தத் தொடக்கத் தட்டில், அடிக்காமல் விட்டால் ஏதோ தவறு செய்தது போலிருக்கிறது. இது போதாதென்று, ரெகேயின் ‘ஒன் டிராப்’ தாளத்தில் கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) மூன்றாம் தட்டில் விழுகிறது என்று ஒரு பாடக் காணொளியில் சொல்கிறார்கள். இரண்டிலும் நான்கிலும் விழுகிறது என்று மற்றொன்றில் சொல்கிறார்கள். எதை நம்புவது? ஒலிப்பதிவுகளைக் கைபேசியில்தான் கேட்டுப் பழகுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: இருகளை

ஐயா, இருவர் சொல்வதும் சரி. மிருதங்கம் வாசிக்கும் உங்களுக்கு இது மற்றவர்களைவிட எளிதில் விளங்கும், ஏனெனில் இது களை பற்றிய, அதாவது ஒரே தாளத்தை வேகமாக எண்ணுவதா மெதுவாக எண்ணுவதா என்பது பற்றிய, குழப்பமே. ஒரே பாட்டை நிமிடத்துக்கு 75 தட்டு என்று எண்ணுபவரும் உண்டு, 150 என்று எண்ணுபவரும் உண்டு. வேகமாக எண்ணுபவருக்கு நான்கு தட்டுக்கு ஒருமுறை, மூன்றாவதில், கிக் விழும். மெதுவாக எண்ணுபவருடைய நான்கு தட்டுக்குள் அதே கிக் இரண்டு முறை வந்துவிடுவதால் அவருக்கு அது இரண்டிலும் நான்கிலும் கேட்கும். குழுவில் யார் எப்படி எண்ணுகிறார் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதி ஒத்திகை வாக்குவாதத்தில் போய்விடும்.

இப்போது கையால் ஆதி தாளம் போட்டுப் பாருங்கள், வேகமான எண்ணிக்கையில். முதலில் தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். அதன்பின் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. கிட்டாரோ ஆர்கனோ கொடுக்கும் அந்த வெட்டுச் சத்தம் சுண்டுவிரலிலும் நடுவிரலிலும் இரண்டு வீச்சுகளிலும் விழும். கிக்கும், ஸ்நேரின் விளிம்பில் குச்சியைக் கிடத்தி அடிக்கும் அடியும், மோதிர விரலிலும் கடைசித் தட்டிலும் சேர்ந்து விழும். ஒன்றிலும் ஐந்திலும், அதாவது நம் மரபில் அழுத்தம் பெறும் இரண்டு இடங்களிலும், டிரம்ஸ் கலைஞர் எதையும் ஓங்கி அடிப்பதில்லை. ஹை-ஹாட் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். ‘ஒன் டிராப்’ என்ற பெயரே அந்த ஒன்றை விட்டுவிடுவதால் வந்தது என்றுதான் பலரும் விளக்குகிறார்கள். ஆகவே உங்கள் கைக்கு வந்திருப்பது வியாதியன்று, இருபதாண்டுப் பயிற்சி. அநாகத எடுப்பில் (தாளம் தொடங்கிய பிறகு பாட்டு தொடங்குவது) அமைந்த கீர்த்தனைக்கு வாசிக்கும்போது சமத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு காத்திருப்பீர்கள் அல்லவா? அந்தக் காத்திருப்பைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும்.

பழகுவதற்கு ஒரு வரி தருகிறேன். மிகத் தடித்த தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இரண்டும் வெறுமை. மூன்றிலும் நான்கிலும் ஸ. ஐந்தும் ஆறும் வெறுமை. ஏழில் அடுத்த தந்தியின் ஏழாம் ஃப்ரெட்டிலுள்ள ப. எட்டில் தடித்த தந்திக்கே திரும்பி மூன்றாம் ஃப்ரெட்டிலுள்ள கீழ் நி. அந்த நிஷாதம் அடுத்த ஒன்று வருவதற்கு முன்பே முழுமையாக நின்றுவிட வேண்டும். அது சிறிதளவு நீண்டு ஒன்றைத் தொட்டாலும் முழு வரியும் கெட்டுவிடும். உங்கள் டிரம்ஸ் தம்பி குறைப்படுவது நீங்கள் அடிக்கும் சுரங்களின் எண்ணிக்கையைப் பற்றியன்று, அவை முடியாமல் நீள்வதைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். மிருதங்கத்தில் ஒலி தானே அடங்கிவிடுகிறது. இங்கே அதை நீங்கள் அடக்க வேண்டும்.

பதில்: தடித்த தந்தி

மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். அடக்குவதற்கான கைவழியை மட்டும் சேர்க்கிறேன். திறந்த தந்தியைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் ஃப்ரெட்டில் அழுத்திய சுரத்தை இடக்கை விரலைச் சற்றுத் தளர்த்தினாலே நிறுத்திவிடலாம், திறந்த தந்தியை அப்படி நிறுத்த முடியாது. விரலை முழுவதுமாக எடுத்துவிடாதீர்கள். தந்தியைத் தொட்டபடியே தளர்த்துங்கள். வலக்கையால் பிரிட்ஜ் அருகே மீட்டாமல், கழுத்து முடியும் இடத்துக்கு மேலே விரலின் சதைப்பகுதியால் மீட்டினால் ஒலி உருண்டையாக வரும். இன்னும் மொத்தையான ஒலி வேண்டுமென்றால் உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் மீது கிடத்திக்கொண்டு கட்டைவிரலால் மீட்டலாம். டோன் திருகைப் பெரும்பாலும் மூடிவிடுங்கள்.

கைபேசியில் கேட்டுப் பழகுவதாகச் சொன்னீர்களே, அதை இன்றே விட்டுவிடுங்கள். பேஸின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் ஒலி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தைக் கைபேசியின் சிறு ஒலிபெருக்கி வெளிப்படுத்தவே முடியாது. நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது மேலே மிதக்கும் கிளையொலிகளை மட்டுமே. நானே இப்படி ஒரு வரியை ஒரு ஸ்தாயி உயரத்தில் மூன்று வாரம் பழகிவிட்டு, ரோஸ் ஹில்லில் ஒரு திருமண மண்டபத்தில் வெட்கப்பட்டிருக்கிறேன். காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டுகளைவிட டப் வடிவங்களைத் தேடிக் கேளுங்கள்: 1970-களில் கிங் டப்பி போன்ற ஜமைக்க ஒலிப்பொறியாளர்கள் பாடகரின் குரலையும் கிட்டாரையும் ஒலிக்கலவையிலிருந்து அவ்வப்போது நீக்கிவிட்டு டிரம்ஸையும் பேஸையும் மட்டும் நிற்க விட்டார்கள் என்பதால், ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவற்றில் துல்லியமாகக் கேட்கும்.

யாரைக் கேட்பது என்றால், பாப் மார்லியின் குழுவில் இருந்த ஆஸ்டன் ‘ஃபேமிலி மேன்’ பாரெட்டிலிருந்து தொடங்குங்கள். 2024 பிப்ரவரியில் காலமானார். டிரம்ஸ் வாசித்த கார்ல்டன் பாரெட் அவருடைய உடன்பிறந்த தம்பி. அந்த இருவரும் இடம் விட்டு இடம் நிரப்பியதைக் கேட்டால் நமக்கு வேறு பாடநூல் தேவைப்படாது. அடுத்து ராபி ஷேக்ஸ்பியர், ஜமைக்காவின் ஸ்டுடியோ ஒன் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்த லெராய் சிபில்ஸ். சிபில்ஸின் வரிகள் பல, தனியாகவே பாடக்கூடியவை.

பதில்: ரவான்தோல்

தோழர்கள் ஜமைக்காவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஐயா வாசிக்கப் போவது செகேயும்தானே! அங்கே ஒன் டிராப்பை அப்படியே கொண்டுபோய் வைத்தால் ரவான் (செகாவுக்கு வாசிக்கும் தோல் மேளம்) வாசிப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். செகா திஸ்ர நடையில் ஓடுவது. ரோஷ் புவாவில் பிறந்த பாடகர் கயா செகாவையும் ரெகேயையும் இணைத்துச் செகேயை நாடறியச் செய்தபோது, ரெகேயின் நிதானமும் செகாவின் மூன்று மூன்றாக உருளும் துள்ளலும் ஒரே தட்டுக்குள் அமர வேண்டியிருந்தது. ஆகவே பேஸில் இரண்டு சுரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைத் ‘தகதிமி’ என்று அளக்காமல் ‘தகிட’ என்று அளந்து வாசியுங்கள். நீங்கள் கொன்னக்கோல் சொல்லக்கூடியவர் என்பதால், வாயால் தகிட சொல்லிக்கொண்டே மூன்றாம் எழுத்தில் மட்டும் தந்தியை மீட்டிப் பழகினால் இரண்டு வாரத்தில் கை பிடித்துக்கொள்ளும்.

தட்டைச் சுற்றுத் தந்திகளை (மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும் தந்திகள்) உடனே வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்துவார்கள். ஒலி அழகாக இருக்கும் என்பது உண்மையே, ஆனால் விலை அதிகம். பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துண்டு நறுக்கிப் பிரிட்ஜுக்கு அருகில் தந்திகளுக்கு அடியில் செருகிவிட்டால் முக்கால் பங்கு வேலை முடிந்துவிடும். கடற்கரையில் இருப்பதால் வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். உப்புக்காற்று எந்தத் தந்தியையும் விட்டுவைக்காது.

கேட்டவர்: மாயேபூர் மிருதங்கம்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மோதிர விரலில் கிக் விழுகிறது என்ற குறிப்புதான் என் கையைத் திருத்தியது. இப்போது வாசிக்கும்போது இடக்காலின் விரல்களைச் செருப்புக்குள் தாளம் போட வைத்துக்கொள்கிறேன். சமத்தைக் கால் வாங்கிக்கொள்வதால் கை சும்மா இருக்கச் சம்மதிக்கிறது. பஞ்சும் செருகிவிட்டேன், வீட்டில் கேட்காமல் எடுத்ததற்கு வசவும் கிடைத்தது.

சென்ற புயல் எச்சரிக்கையின்போது மின்சாரம் இல்லாததால் ஆம்ப் இல்லாமல் பழக வேண்டியதாயிற்று. கிட்டாரின் தலைப்பகுதியை மர அலமாரியின் கதவில் அழுத்திப் பிடித்து வாசித்தால் அலமாரி முழுவதும் அதிர்ந்து, ஒலி தெளிவாகக் கேட்கிறது. சுரம் நின்ற பிறகும் கதவு அதிர்ந்துகொண்டிருந்தால் நான் சரியாக அடக்கவில்லை என்று தெரிந்துவிடுகிறது. நேற்றைய ஒத்திகையில் டிரம்ஸ் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் பாட்டு முடிந்ததும் எழுந்து வந்து என் ஆம்ப்பின் ஒலியை அவரே கொஞ்சம் கூட்டிவிட்டுப் போனார். தகிட மட்டும் இன்னும் பிடிபடவில்லை. வேகம் கூடினால் மூன்றாம் எழுத்து நழுவி இரண்டில் விழுகிறது.

பதில்: ரவான்தோல்

வேகத்தைக் கூட்டாதீர்கள் ஐயா. மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தகிட என்று ஒரு வாரம் வாசியுங்கள். நழுவாமல் ஐந்து நிமிடம் தாங்கினால் மட்டும் 64-க்குப் போங்கள்.