உதடு ஒட்டாத சொற்கள் தேவை

நண்பர்களே, சித்திரகவி எனும் சொல்விளையாட்டுச் செய்யுள் வகைகளில் ஒன்றான ‘இதழகல்’ எழுதிப் பழகுகிறேன். அதாவது, உதடு ஒட்டாமலும் குவியாமலும் படிக்கக்கூடிய பாடல். ப, ம, வ வரக்கூடாது. இதழ் குவிக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔவும் கூடாது. ‘தமிழ்’ என்ற சொல்லே விலகி நிற்கிறது! ஆனால் இந்த நெருக்கடியில்தான் எத்தனை அழகான சொற்கள் எழுந்து வருகின்றன! மேகம் போனால் எழிலி வருகிறது. ‘தாய் எழிலியைக் கண்டாள்’ என்று எழுதியதும் அப்படியொரு ஆனந்தம்.

மழை, மரம் இரண்டுக்கும் மாற்றுச் சொல் கிடைக்கவில்லை. மாரி, தரு எல்லாமே தடுக்கின்றன. ‘கு’ உருபும் ‘உம்’ இடைச்சொல்லும் இல்லாமல் வாக்கியத்தை எப்படி நீட்டுவது? சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரத்தையும் விலக்கத்தான் வேண்டுமா? இலக்கணம் பயின்றவர்கள் சொல்லுங்கள். வினைச்சொற்கள் தெரிந்தால் அவசியம் தாருங்கள். என்னிடம் அவைதான் மிகக் குறைவு.